சபிதா எடுத்த இரண்டாவது படம்

“செபமாலை, உத்தரியம், ஏலஸ்ஸுத் தாயத்து, சட்டையில இரும்புப் பித்தான், வேற வல்லதும் உண்டெங்கி எல்லாத்தையும் இந்த டப்பாவுல போடும். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. படத்துல அதுக்க நிழலு விழுந்தா எனக்காக்கும் கோவம் வரும்.”

துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த பால்பொடி டப்பாவை அடிபட்டவரின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு சபிதா இப்படிச் சொல்லும்போது, வலியில் முனகுகிறவர்கூட முனகலை ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அதற்குள் அவள் எக்ஸ்ரே தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டிருப்பாள். ஏசி அறையில் கிடந்த தட்டு அது. விலா முறிந்தவன் முதுகுக்கு அடியில் அப்படியே செருகினால் சில்லிப்பில் துள்ளுவான், துள்ளினால் முறிந்த எலும்பு இன்னும் குத்தும். ஆகவே தன் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் செருகுவாள். இதை அவளுக்கு எந்த டிப்ளமா படிப்பும் சொல்லித்தரவில்லை.

திருவட்டாறுக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்த மருத்துவமனை. அவசரப் பிரிவை ஒட்டிய கடைசி அறை சபிதாவுடையது. வயது நாற்பத்திரண்டு, சொந்த ஊர் அருமனை. பத்தொன்பது வருஷமாக இதே அறை, இதே சிவப்பு விளக்கு. அவள் எடுத்த கை கால் படங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அவளுக்கு மதிப்பு நெஞ்சுப் படத்தின் மேல்தான். தென்னையிலிருந்து விழுந்தவன், பலாக்கொம்போடு சேர்ந்து இறங்கியவன், டிப்பர் லாரி தட்டியவன், பேச்சிப்பாறை வளைவில் ஸ்டியரிங்கோடு மோதியவன் எல்லாரும் அவளிடம்தான் வந்தாக வேண்டும். பலருக்கு மேல்தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. கூட வந்தவர்கள் வாசலில் நின்று, “சின்ன அடிதான் கேட்டியளா” என்று ஆரம்பிப்பார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குச் சுர்ரென்று ஏறும். “சின்னதா பெரிசான்னு படம் சொல்லட்டும். நீரு செத்த நேரம் வெளிய நில்லும்” என்பாள். எம்.எல்.ஏ.வின் மச்சினனையும் அப்படித்தான் வெளியே நிறுத்தினாள்.

எங்கே வலிக்கிறது என்று அவள் முதலில் கேட்பதில்லை. எதில் இடித்தது, எந்தப் பக்கம் விழுந்தீர், வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றுகொண்டிருந்ததா என்றுதான் விசாரணை. சொல்லத் தெரியாதவர்களை நடித்துக் காட்டச் சொல்வாள். இடப்பக்கம் கீழ்விலாவில் இடி என்றால் வயிற்றையும் பார்க்கும்படி நர்ஸுக்குக் கண்ணைக் காட்டுவாள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தால் முகம் மாறிவிடும். அந்த எலும்பு லேசில் முறியாதாம்; அதையே முறித்த வேகம் உள்ளே என்னவெல்லாம் செய்திருக்குமோ என்று தானாகப் பேசிக்கொள்வாள். எக்ஸ்ரே டெக்னீஷியன் இவ்வளவு யோசிக்க வேண்டுமென்று யாரும் அவளைக் கேட்கவில்லை. சிலர் யோசிக்க வேண்டாமென்றே சொல்லிப் பார்த்தார்கள். நடக்குமா?

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜீப் விபத்தில் ஒரு பெண் வந்தாள். படத்தில் நெஞ்சின் நடு நிழல் வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் அப்படி அகலும் என்று சபிதாவுக்குத் தெரியும். ஆனால் படிப்பது டாக்டர் வேலை. அவர்கள் கவனிக்கவில்லை, இவள் வாய் திறக்கவில்லை, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் செய்தி வந்தது. “நான் கண்டேன். கண்டும் மிண்டாம நின்னேன்” என்று இப்போதும் சொல்லுவாள். சொல்லும்போது அழமாட்டாள். பல்லைக் கடிப்பாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பொட்டு. சந்தேகமான படம் வந்தால், ஏப்ரன் பையில் வைத்திருக்கும் அட்டையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்துப் படக்கவரின் மூலையில் ஒட்டிவிடுவாள். ‘இதை முதலில் பாருங்கள், நன்றாகப் பாருங்கள்’ என்று அர்த்தம். முதலில் சிரித்த டாக்டர்கள் பிறகு கவரை வாங்கியதும் மூலையைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். மேனேஜர் பொன்னுலிங்கத்துக்குத்தான் அது பொறுக்கவில்லை. ‘மருத்துவ ஆவணத்தில் ஒப்பனைப் பொருள் ஒட்டியது’ குறித்து விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். இன்னொரு மெமோ வாங்கினால் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது கடைசி வரி.

“ஒப்பனைப் பொருளாம்லா!” என்று அன்று முழுக்கச் சிரித்தாள். மறுநாளிலிருந்து பெரிய பொட்டை விட்டுக் கடுகுப் பொட்டுக்கு மாறினாள். அவள் பணிந்தது அவ்வளவுதான்.

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு கிளீட்டஸ் வந்தார். கடற்கரைக்காரர், ஐம்பத்தைந்து வயது. மொபெட்டில் ஐஸ்பெட்டி கட்டி அருமனைப் பக்கம் மீன் விற்கிறவர். முந்தின நாள் காலை நாய் குறுக்கே பாய்ந்ததில் வண்டி சரிந்து, ஹாண்டில் இடப்பக்க நெஞ்சில் குத்தியது. மனிதர் எழுந்தார். சிதறிய சாளை மீனைப் பொறுக்கினார், கழுவினார், தெருத்தெருவாகப் போய்க் கடைசிச் சாளை வரைக்கும் விற்றார். அதற்குப் பிறகுதான் நெஞ்சு வலிக்கிறதென்று அவருக்கே ஞாபகம் வந்திருக்கிறது. நேரே எலும்புமுறிவுக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியர் சுடலையாண்டி ஆசானிடம் போனார். ஆசான் தடவிப் பார்த்து, பச்சிலைச் சாற்றில் உளுந்துமாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பற்றுப் போட்டு, துணி சுற்றி, மூன்று நாள் கழற்றக்கூடாதென்று சொல்லி அனுப்பினார். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். ஏன், சபிதாவே முழங்கால் பிசகியபோது அதே ஆசானிடம்தான் போனாள். மூன்றாம் நாள் படியேறி வேலைக்கும் வந்தாள்.

ராத்திரி உறங்க முடியவில்லை, புரண்டு படுத்தால் மூச்சு பிடிக்கிறது என்று மனைவி ஞானசெல்விதான் அவரை மருத்துவமனைக்கு இழுத்துவந்தாள்.

“அந்தத் துணிய அவுக்கணும் அண்ணே” என்றாள் சபிதா.

“ஆசான் மூணு நாளு சொன்னாரு பிள்ளே. இன்னைக்கு ரெண்டாவது நாளாக்கும். அவுத்தா எலும்பு கூடாது. நீ அதுக்க மேல எடு, உனக்க மெஷினுக்கு இது ஒரு துணியா?”

மூச்சு விடாமல் பேசினார். செபமாலையை மட்டும் டப்பாவில் போட்டார். அன்றைக்குப் பணியிலிருந்த டாக்டர் ஸ்ரீஜித்துக்குக் கையில் நேரமே இல்லை. ஆட்டோ கவிழ்ந்து நாலு பேர் வரிசையாகக் கிடந்தார்கள். “இருக்கட்டும், அதோட எடுங்கக்கா” என்றார். உட்கார்ந்தால் வலிக்கிறதென்று கிளீட்டஸ் சொன்னதால் படுக்கவைத்தே எடுத்தாள்.

படத்தில் இரண்டு விலா முறிந்திருந்தது. இடப்பக்கம் முழுக்க லேசாக மங்கியிருந்தது. சபிதா பொட்டு ஒட்டினாள்.

ஸ்ரீஜித் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். “விலா ரெண்டும் தானே கூடிரும். மங்கல் அந்தப் பத்துக்க நிழலு. முட்டையும் மாவும் காய்ஞ்சு கெடக்குல்லா” என்று சொல்லி, வலிமாத்திரை எழுதி, வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டில் குறித்தார். கடுகுப் பொட்டை நகத்தால் சுரண்டி எறிந்தார். “சபிதாக்கா, படம் எடுக்கது உங்க சோலி. படிக்கது எனக்க சோலி.”

அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் தையல் போட்டுக்கொண்டிருந்த மனிதர். மங்கலும் பற்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சபிதாவுக்குத் தோன்றவில்லை, என்ன செய்வது! அறைக்குத் திரும்பித் திரையில் படத்தை மறுபடியும் பெரிதாக்கினாள். பற்று மார்க்காம்புக்குக் கீழே நாலு விரல் தள்ளித்தான் தொடங்குகிறது. அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். படத்தில் மங்கலோ காறை எலும்பு வரைக்கும் ஏறியிருக்கிறது. பற்றின் நிழல் பற்று இல்லாத இடத்தில் எப்படி விழும்?

மல்லாந்து கிடப்பவனின் நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்தால் அது முதுகுப்பக்கம் பரவிக் கிடக்கும். படத்தில் ஒரு பக்கம் லேசாக மங்கலாகத் தெரியும், அவ்வளவே. அதே ஆளை உட்காரவைத்து எடுத்தால் ரத்தம் கீழே இறங்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கேனில் பார்த்தாலும் தெரியும்தான். ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருக்கும் டாக்டர் சாயங்காலம்தான் வருவார்.

பதினொன்றேகாலுக்கு கிளீட்டஸ் அவள் வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளே... அந்த டப்பாவுல... எனக்க மாலை...”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூச்சு விடாமல் வாதாடின மனிதர். இப்போது மூன்று சொல்லுக்கு ஒரு தடவை நின்று காற்றை இழுக்கிறார். மாலையை எடுத்து அவர் கையில் கொடுக்கவில்லை அவள். அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு ஓடினாள்.

ஸ்ரீஜித் ஒரு நெற்றியைத் தைத்துக்கொண்டிருந்தார். “டாக்டரே, ஒரே ஒரு படம். உக்காத்தி வச்சு எடுக்கணும். ஒரு சீட்டு எழுதித் தாருங்க.”

“எதுக்கு? கதிர்வீச்சுன்னா விளையாட்டா? சும்மா சும்மா ஆள உள்ள கேத்தாதீங்க.”

“ஒரு படம் கூடுதலா எடுத்தா அவரு செத்துப்போவ மாட்டாரு டாக்டரே. எடுக்காம விட்டாத்தான்...”

“அக்கா.” அவர் நிமிரவே இல்லை. “சீட்டு இல்லாம எடுத்தீங்கன்னா கேடு உங்களுக்குத்தான். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

தெரியாதா அவளுக்கு? ஒப்பந்தம் முடிய இன்னும் பதினெட்டு நாள். மூத்த மகள் பிளஸ் டூ. கணவருக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் வேலை இல்லை, வெயில் முற்றினாலும் வேலை இல்லை. அந்த வீடு சபிதாவின் வேலையில்தான் நிற்கிறது. வராந்தாவைக் கடந்து அறைக்கு வருவதற்குள் இதெல்லாம் அவள் தலைக்குள் ஓடி முடிந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது. அறைவாசலில் ஞானசெல்வி கணவனின் முதுகைத் தடவிக்கொண்டு, “சுருக்கா வீட்டுக்குப் போயிருவோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எக்கா, வீட்டுக்குப் பெறவு போவலாம். அண்ணனுக்க துணிய அவுக்கணும்” என்றாள் சபிதா.

கிளீட்டஸ் துணியை இறுகப் பிடித்துக்கொண்டார். மூச்சு முட்டுகிற நேரத்திலும் அந்தப் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. “ஆசான்... மூணு நாளு...”

அவரோடு மல்லுக்கட்டுவது வீண் என்று அவளுக்குப் புரிந்தது. போனை எடுத்தாள்.

“ஆசானே, அருமனை சபிதாவாக்கும். உங்களுக்க ஆளு ஒருத்தரு இஞ்ச இருக்காரு, மீன்காரரு. மூச்சு முட்டுது. பத்தக் கழுவணும்ணு சொன்னா கேக்க மாட்டேங்காரு.”

ஆசான் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. “நேத்து மூச்சு நேரேதான் போய்க்கிட்டு இருந்துது மக்களே. மூச்சு முட்டுதுண்ணா பத்து அங்க நிக்கப்பிடாது. கழுவிக் களை. ஏலே கிளீட்டஸு, கேக்குதியா? அந்தப் பிள்ள சொல்லுகதச் செய்யி.”

கிளீட்டஸ் கையை எடுத்தார்.

ஞானசெல்வி பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரை ஊற்ற, சபிதா பஞ்சால் துடைத்தாள். காய்ந்த மாவு ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் துடைத்தாள். நாளைக்கு ஒருத்தன் இது பற்றின் நிழல் என்று சொல்லக்கூடாது. தட்டை அணைத்துச் சூடேற்ற இந்தத் தடவை நேரம் இல்லை. “சில்லுன்னு இருக்கும், பொறுத்துக்கிடும்” என்று சொல்லி ஸ்டாண்டில் மாட்டினாள். ஞானசெல்வியை வெளியே அனுப்பினாள். கதவை அடைத்தாள். சீட்டு இல்லாமல் சுவிட்சை அழுத்தினாள்.

திரையில் படம் மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது. இடப்பக்கத்தில் பாதி உயரத்தில், அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி ஒரு நேர்கோடு. கோட்டுக்கு மேலே காற்று, கீழே ரத்தம்.

பிரிண்ட் போடக்கூட நிற்கவில்லை அவள். நெற்றித் தையலின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்த ஸ்ரீஜித்தின் முழங்கையைப் பிடித்தே இழுத்துவிட்டாள். அவருக்கு முகம் சிவந்தது. ஏசத்தான் வாயெடுத்தார். “முதல்ல பாருங்க டாக்டரே. பெறவு என்னை எத்தன ஏசணுமோ ஏசுங்க.”

திரைக்கு முன்னால் வந்து நின்ற அவர் இரண்டு நொடிதான் பார்த்திருப்பார். அதன்பிறகு அவர் செய்த வேலையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. கிளீட்டஸைக் கட்டிலில் சாய்த்து, விலா இடையில் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, குழாயை இறக்கினார். முதல் வீச்சிலேயே பாட்டிலில் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. ரத்தம் ஏற்றச் சொன்னார், நாகர்கோவிலுக்குப் போன் போட்டுப் பெரிய டாக்டரிடம் கேட்டார், ஆம்புலன்ஸைத் தயாராக நிறுத்தினார். அனுப்ப அவசியம் வரவில்லை. கசிவு தானாகவே நின்றது. ஒரு மணி நேரம் கழித்து கிளீட்டஸ் முழு வாக்கியமாகத் திட்ட ஆரம்பித்தார். மொபெட்டை ரோட்டோரத்தில் விட்டுவந்ததற்கு மனைவியையும், குறுக்கே பாய்ந்ததற்கு நாயையும், கட்டிலை இப்படிப் போட்டதற்கு நர்ஸையும் ஒருசேரத் திட்டினார். அதைக் கேட்டுக்கொண்டே சபிதா ஒரு கட்டன் சாயா குடித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பொன்னுலிங்கம் அவள் அறைக்கு வந்தார். மேனேஜர் இந்த அறைக்கு வருவது வருஷத்தில் ஒரு தடவை, அதுவும் ஆயுத பூஜைக்கு. கையில் எக்ஸ்ரே ரிஜிஸ்டர். பின்னாலேயே ஸ்ரீஜித்தும் வந்தார்.

பொன்னுலிங்கம் ரிஜிஸ்டரை மேசையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். கிளீட்டஸ், ஐம்பத்தைந்து, நெஞ்சு, உட்கார்ந்த நிலை, பதினொன்று நாற்பது. ‘பரிந்துரைத்த மருத்துவர்’ என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

“இது யாரு சொல்லி எடுத்தது?”

“ஆரும் சொல்லல சார்.”

“யாருமே சொல்லாம நீயா எடுத்தியா? அடுத்த வாரம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஆளு வருது. இந்தக் கட்டம் காலியா இருந்தா நான் பதில் சொல்லணும். ஆளு பிழைச்சான், சந்தோஷம். அதுக்காக டெக்னீஷியன் இஷ்டத்துக்குப் படம் எடுக்கலாம்னு ஆகிருமா? ரெண்டாவது மெமோவை டைப் பண்ணி மேசையில வச்சிருக்கேன்.”

ஸ்ரீஜித் பேனாவைத் திறந்தபடியே முன்னால் வந்தார். பாவம், மூன்று நாளாக அவருக்கும் உறக்கம் இல்லை போலும். “சார், அது என் தப்பு. நான் வாயால சொன்னேன், சீட்டு எழுத மறந்துட்டேன்னு வச்சுக்கிடுங்க. இப்ப எழுதிருதேன். மெமோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்னக்கா?”

எவ்வளவு லேசான வழி! ஒரு கையெழுத்து. வேலை நிற்கும், வீடு நிற்கும், மேனேஜருக்கும் கட்டம் நிரம்பும். நல்ல மனசோடுதான் அவர் நீட்டினார். பொன்னுலிங்கம்கூட விரலை எடுத்து இடம் கொடுத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

சபிதா ரிஜிஸ்டரின் மேல் கையை வைத்தாள்.

“வேண்டாம் டாக்டரே. நீங்க சொல்லல. எடுக்கப்பிடாதுண்ணுதான் சொன்னீங்க.”

“அதான் என் தப்புன்னு சொல்லுதேன்லா அக்கா.”

“தப்பு யாருக்கும் வரும். அதுக்கொண்ணும் இல்ல. இன்னைக்கு நீங்க இதுல பேரு எழுதித் தந்தா, நாளைக்கு ஒருத்தரு மூச்சு முட்டி வரச்சிலயும் நான் உங்க பேருக்குக் காத்து நிக்கணும். ஒரு தடவ காத்து நின்னாச்சு எனக்கு. ஒரு பொம்பள போயிட்டா.” அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். “சார், டெக்னீஷியனுக்குச் சந்தேகம் வந்தா டாக்டரு மறுபடியும் பாக்கணும்ணு ஒரு வரி சட்டம் போடுங்க. அதுவரைக்கும் இப்பிடித்தான்.”

“முப்பதாம் தேதியோட நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மனசிலாச்சா?” என்றார் பொன்னுலிங்கம்.

“மனசிலாச்சு.”

சொல்லிவிட்டு, ஸ்ரீஜித்தின் விரல்களுக்கு இடையிலிருந்த பேனாவை வாங்கிக் குனிந்தாள். பரிந்துரைத்த மருத்துவர் என்ற கட்டத்தில், கட்டத்தை மீறி, பெரிய எழுத்தில் ‘சபிதா’ என்று எழுதினாள். பேனாவை மூடி டாக்டரின் சட்டைப்பையில் செருகிவிட்டு, ரிஜிஸ்டரை மேனேஜருக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.